டியர்ட்ராப் ட்ரெய்லருக்கு ஆனிங்கா, சைடு டெண்ட்டா? காசு போடுறதுக்கு முன்னாடி அளக்க வேண்டியது

கார் பின்னாடி இழுத்துட்டுப் போற, கண்ணீர்த்துளி வடிவத்துல இருக்குற டியர்ட்ராப் ட்ரெய்லர் வாங்குன யாருக்கும் முதல் மழையிலயே ஒண்ணு புரிஞ்சிடும், இது தூங்குறதுக்கு மட்டும்தான் வீடு, மத்த எல்லாத்துக்கும் வெளியதான் இருந்தாகணும். எங்களோடது 5 அடி அகலம், 9 அடி நீளம், உள்ள ஒரு மெத்தை, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கதவு, பின்னாடி மூடியைத் தூக்குனா அடுப்பு, ஐஸ் பெட்டி, பாத்திரம் வைக்குற தட்டு. உள்ள நிமிந்து உக்காரலாம், நிக்க முடியாது. ஆக சமைக்குறது, சாப்புடுறது, துணி மாத்துறது, பொண்ணு கலர் பென்சிலோட உக்காந்து படம் வரையுறது, கும்பகோணத்துலேந்து கோடைக்கு வர்ற என் மாமியார் காலையில காபி குடிக்குறது எல்லாமே வெட்டவெளியிலதான். அதனால மேல என்ன கூரை போடுறோம்ங்குறது ட்ரெய்லர் எதை வாங்குறோம்ங்குற அளவுக்கு முக்கியம்னு நான் சொல்லுவேன், ஆனா பெரும்பாலானவங்க ட்ரெய்லருக்கு ஆறு மாசம் யோசிச்சிட்டு ஆனிங்கை, அதாவது பக்கத்துல இழுத்து விரிக்குற துணிக் கூரையை, ஒரு ராத்திரியில ஆர்டர் பண்ணிடுறாங்க.

எங்க ஊர் நிலவரத்தையும் சொல்லிடுறேன், ஏன்னா இது ஊரைப் பொறுத்த விஷயம். நாங்க மிச்சிகன்ல டெட்ராய்ட் பக்கம் இருக்கோம். கேம்பிங்னா பாதி நேரம் லேக் மிச்சிகன் கரையில லடிங்டன், இல்லன்னா மேக்கினா பாலம் தாண்டி வடக்க அப்பர் பெனின்சுலா. அங்க லேக் சுப்பீரியர் கரையில காலையில வெயில் அடிக்கும், மத்தியானம் காத்து திரும்பும், சாயங்காலம் சாரல். மே, ஜூன்ல கருப்பு ஈ, அதுக்கப்புறம் கொசு, ஆகஸ்ட்ல கரையோரம் கணுக்கால்ல கடிக்குற ஒரு ஈ, பாக்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும் ஆனா சாக்ஸ் மேலயே உக்காந்து கடிச்சிடும். அரிசோனா பாலைவனத்துல கேம்ப் பண்றவங்களுக்கு நிழல் மட்டும் போதும், ஒரு துணியை இழுத்துக் கட்டுனா வேலை முடிஞ்சுது. எங்களுக்கு மழை, காத்து, பூச்சி மூணுமே வேணாம். நீங்க எந்த ஊர்க்காரங்கன்னு பாத்துட்டு நான் சொல்லுறதை எடுத்துக்கோங்க.

முதல்ல உயரம். இதை யாரும் கடையில சொல்ல மாட்டாங்க. ஆனிங் எல்லாம் பெரிய ட்ரெய்லருக்கும் ஜீப் மாதிரி உயரமான வண்டிக்கும்தான் யோசிச்சு பண்ணியிருக்காங்க, நம்ம டியர்ட்ராப் கூரை தரையிலேந்து 5 அடி 8 அங்குலம் இருந்தா பெரிய விஷயம். அந்த உயரத்துல ஆனிங்கோட ஒரு ஓரத்தை மாட்டி 7 அடி வெளிய இழுத்தீங்கன்னா தண்ணி ஓட வாட்டம் வேணும்ல, அடிக்கு 1 அங்குலம்னு கொஞ்சமா வச்சாலே வெளி ஓரம் 5 அடி 1 அங்குலத்துக்கு எறங்கிடும். எங்க வீட்டுக்காரர் 5 அடி 11. அவரு உள்ள வர்றதும் போறதும் குனிஞ்சேதான். சரி வெளி ஓரத்தை உயர்த்திடலாம்னா வாட்டம் ட்ரெய்லர் பக்கம் திரும்பிடும், மழைத்தண்ணி மொத்தமும் ஆனிங்குக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல இருக்குற இடுக்கு வழியா நேரா கதவு மேல கொட்டும், கதவைத் திறந்தா மெத்தையில. நம்ம ஊர்ல கல்யாணப் பந்தல் போடுறவங்க முதல் கால் நடுறப்பவே தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு பாத்துட்டுத்தான் நடுவாங்க, அதே பார்வைதான் இங்கயும் வேணும், துணியோட கலரு விலை எல்லாம் அப்புறம்.

வாட்டம் இல்லாம விட்டா என்ன ஆகும்னு ஒரு சின்னக் கணக்கு. 2 மீட்டருக்கு 2.5 மீட்டர் ஆனிங்னா 5 சதுர மீட்டர். அதுல சராசரியா 1 சென்டிமீட்டர் தண்ணி தேங்குனா 50 லிட்டர், அதாவது 50 கிலோ. நடுவுல தொய்வு விழுந்துட்டா தண்ணி அங்க சேரும், சேரச் சேர தொய்வு அதிகமாகும், ராத்திரி எல்லாரும் தூங்குறப்ப கம்பி வளைஞ்சு சடார்னு எறங்கும். அதனால ரெண்டு வெளிக் கால்ல ஒண்ணை எப்பவும் நல்லா எறக்கி வைக்கணும், ஒரு கையளவாவது, தண்ணி அந்த மூலை வழியா விழுந்துடும், மத்த மூலையில ஆள் நிமிந்து போகலாம்.

உயரப் பிரச்சினைக்கு ஒரு வழி ட்ரெய்லர் மேல ரேக், அதாவது கம்பிச் சட்டம் போடுறது. கூரையில இல்லைங்க, பக்கச் சுவர்ல பாரம் எறங்குற மாதிரி போடணும். டியர்ட்ராப் கூரை பெரும்பாலும் மெல்லிசான பிளைவுட், அதுக்குக் கீழ அங்கங்க சட்டம், மேல அலுமினியத் தகடு, அவ்வளவுதான், பலம் எல்லாம் பக்கச் சுவர்லதான் இருக்கு. 10 அங்குலம் உயரமான ரேக் போட்டு அதுல ஆனிங்கை மாட்டுனா 6 அடி 6 அங்குலத்துல ஆரம்பிக்கும், வாட்டம் விட்டாலும் வெளி ஓரம் 5 அடி 11 அங்குலத்துல நிக்கும். அந்த ரேக்குலயே காத்து அடிக்குறப்ப கயிறு கட்டவும் எடம் கிடைக்கும். ட்ரெய்லர் செஞ்சவங்ககிட்டயே பாரம் எவ்வளவு தாங்கும்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

அடுத்தது பின்மூடி. இதுதான் டியர்ட்ராப்புக்கே உள்ள தனிச் சிக்கல். மூடியைத் தூக்குனா அது கூரையை விட மேல போகும், எங்களோடது 7 அடிகிட்ட வரும். 270 டிகிரி ஆனிங்னு ஒண்ணு விக்குறாங்க, விசிறி மாதிரி விரிஞ்சு பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேத்து மூடும், பாத்தா ஆசையா இருக்கும், படத்துல எல்லாம் ஜீப்புல மாட்டி காமிப்பாங்க. ஜீப்புக்கு சரி. டியர்ட்ராப்புல மூடி தூக்குற வழியில அதோட கை குறுக்க வந்து நிக்குமா இல்லையான்னு அளக்காம வாங்கக் கூடாது. அதோட 50 பவுண்டு பக்கம் எடை, அது முழுக்க ஒரே பக்கச் சுவர்ல தொங்கும். ட்ரெய்லர் மொத்தமே 1,500 பவுண்டுன்னா அந்த எடை சின்ன விஷயம் இல்ல. கேம்ப்ல பக்கத்து சைட்டுல ஒருத்தர் மாட்டியிருந்தாரு, ரொம்ப அன்பா விரிச்சு மடக்கிக் காமிச்சாரு, ஒரு நிமிஷத்துல விரிஞ்சிடுது, அது உண்மை. ஆனா அவர் ட்ரெய்லர் உயரமான டயர் போட்டது, ரேக்கும் பெருசு. எங்களுக்கு அது ஒத்து வராதுன்னு அங்கயே முடிவு பண்ணிட்டோம்.

இப்ப நான் முக்கியமா சொல்ல நினைக்குறதுக்கு வர்றேன். எல்லாரும் பக்கத்துக் கதவுக்குத்தான் முதல்ல கூரை தேடுறாங்க. என்னைக் கேட்டா முதல் கூரை அடுப்படிக்குத்தான். மழையில படுக்கைக்கு ஓடிப்போய் கதவைச் சாத்திக்கலாம், ஆனா சோறு பொங்கணும்னா பின்னாடி நின்னுதான் ஆகணும். மூடி தூக்குனா அதுவே ஒரு சின்னக் கூரைதான், நேரா விழுற மழைக்கு சமாளிக்கும், சாரலுக்குத் தாங்காது, மூடி ஓரத்துலேந்து சொட்டுறது சரியா நம்ம கழுத்துல விழும். போதாததுக்கு மூடியோட கீல் இருக்குற எடம்தான் நிறைய டியர்ட்ராப்புல முதல்ல ஒழுகுற எடம்.

இதுக்கு நாங்க வச்சிருக்குறது 12க்கு 12 அடி டார்ப் (தார்ப்பாய்), ரெண்டு 8 அடி கம்பம், கொஞ்சம் கயிறு, அவ்வளவுதான், எங்க சாமான்லயே விலை கம்மி இதுதான், அதிகமா பயன்படுறதும் இதுதான். டார்ப்போட முன் ஓரத்தை ட்ரெய்லர் கூரைக்கு நடுவுலேந்து ஆரம்பிச்சு ரேக்குல கட்டிடுவோம், அங்கேந்து பின்னாடி மூடிக்கு மேல போய் கம்பத்துல ஏறும், நடு முதுகு உயரமா, ரெண்டு பக்கமும் சரிவா. ட்ரெய்லர் கூரை மேல டார்ப் ஏறி உக்காந்துடுறதால நடுவுல இடுக்கே இல்ல, கீலும் டார்ப்புக்குக் கீழ வந்துடுது, தண்ணி ரெண்டு பக்கமும் தரையில விழுந்துடுது. மூடியோட மூலை டார்ப்புல உரசக் கூடாது, உரசுனா ஒரே ராத்திரி காத்துல ஓட்டை விழும், அதனால முதல்ல மூடியை முழுசா தூக்கி வச்சிட்டு அதுக்கு மேல ஒரு சாண் விட்டு முதுகுக் கயிறைக் கட்டணும். காத்து எந்தப் பக்கம்னு பாத்து அந்தப் பக்கச் சரிவை நல்லா தாழ இறக்கிட்டா சாரலும் வராது. நைலான் டார்ப் நனைஞ்சா நீளும், சாயங்காலம் விறைப்பா கட்டுனது ராத்திரி தொங்கும், எழுந்துபோய் இழுத்துக் கட்டணும். பாலியஸ்டர் அவ்வளவா நீளாது. நான் பாலியஸ்டர்தான் வாங்கச் சொல்லுவேன், கொஞ்சம் கனமா இருந்தாலும்.

அடுப்படி முடிஞ்சப்புறம்தான் பக்கம். ரெண்டு பேர் மட்டும்னா பக்கத்துக்கு ஒரு சாதா ஆனிங் போதும், நிழலுக்கும் செருப்பு கழட்டி விடவும். எங்களுக்கு அத்தையும் பொண்ணும் கூட வர்றதாலதான் சைடு டெண்ட் தேவைப்பட்டுச்சு, அதாவது ட்ரெய்லர் பக்கத்துல ஒட்டிக்கிட்டு நிக்குற நாலு சுவர் டெண்ட், கதவைத் திறந்தா நேரா அதுக்குள்ள எறங்கலாம். கடையில போட்டுக் காமிச்ச ஒரு டெண்டுக்குள்ள அத்தை போய் நின்னு பாத்துட்டு, "ஏம்மா, இதுல பொடவை எப்படிம்மா கட்டுறது, கையைத் தூக்குனா இடிக்குதே"ன்னு கேட்டாங்க. அதுதான் எங்களுக்கு அளவுகோலா ஆச்சு. பொடவை கட்ட, கொசுவம் வைக்க ஆள் நிமிந்து நின்னு கை வீசணும், உச்சி 7 அடியாவது இருக்கணும், அதுவும் நடுவுல ஒரு புள்ளியில மட்டும் இல்ல, ஓரளவு சுத்திலும். சுவர் நேரா நிக்குற டெண்ட்ல அது கிடைக்கும், குவிமாடம் மாதிரி வளைஞ்சு வர்றதுல பெட்டியில 7 அடின்னு போட்டிருந்தாலும் ரெண்டடி தள்ளுனா தலை இடிக்கும். அத்தைக்கு ராத்திரி எழுந்து பாத்ரூம் வரைக்கும் இருட்டுல நடக்க வேணாம்னு ஒரு போர்ட்டபிள் டாய்லெட்டும் ஒரு மூலையில திரை போட்டு வச்சோம். வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு சைடு டெண்ட்டோட பெரிய உபயோகம் இதுதான்னு நான் நினைக்குறேன்.

தரையோட வர்ற டெண்ட்டா, தரை இல்லாததான்னு ரெண்டும் இருக்கு. உள்ள ஆள் படுக்குறாங்கன்னா தரை கட்டாயம் வேணும், பூச்சியும் ஈரமும் கீழேந்துதான் வரும். சும்மா உக்கார, ஈரச் செருப்பு ஜாக்கெட் போடன்னா தரை இல்லாததே சுத்தம், மணலைக் கூட்டிக்கிட்டு இருக்க வேணாம். எங்களோடது கழட்டி மாட்டுற தரை. கொசுவலையைக் கையில பிடிச்சுப் பாருங்க, சாதா வலையில கண்ணுக்கே தெரியாத அந்தப் பொடிப் பூச்சி நுழைஞ்சு வந்துடும், ரொம்ப நெருக்கமா பின்னுன வலை தனியா கேட்டு வாங்கணும், அதுல காத்து கொஞ்சம் குறையும், ஆனா அப்பர் பெனின்சுலாவுல இருக்குற டக்குவாமினன் அருவிப் பக்கம் ஜூன்ல ஒரு சாயங்காலம் உக்காந்தா அந்தக் குறை பெருசா தெரியாது.

ட்ரெய்லரோட எப்படி ஒட்டுறதுங்குறதுதான் அடுத்த பெரிய கேள்வி. காந்தம் வச்சு மாட்டலாம்னு சிலர் சொல்லுவாங்க, அலுமினியத்துல காந்தம் ஒட்டாது. சக்‌ஷன் கப் வழவழப்பான சுத்தமான பரப்புல நல்லா பிடிக்கும், ஆனா ராத்திரி குளிர்ல பனி எறங்குனா ஒவ்வொண்ணா விட்டுடும், நிழலுக்கு ஓகே, மழைக்கு நம்ப வேணாம். நல்ல முறைன்னா கூரை ஓரத்துல அலுமினிய ரயில், அதாவது நீளவாக்குல பள்ளம் உள்ள பட்டை, டெண்ட் ஓரத்துல தச்ச கயிறு அதுக்குள்ள வழுக்கிப் போகும். தண்ணி சொட்டுகூட உள்ள வராது. கயிறோட தடிமனும் ரயிலோட அளவும் ஒத்துப் போகணும், 5 மில்லி, 6 மில்லின்னு தனித்தனியா வருது, ரெண்டையும் ஒரே எடத்துல வாங்குறது நல்லது. டியர்ட்ராப் கூரை வளைவா இருக்குறதால நேரான ரயில் கொஞ்ச தூரம்தான் உக்காரும், வளைவுக்குன்னு வளையுற ரயில் கிடைக்குது. ஆனா ரயிலுக்கு ஸ்க்ரூ அடிக்கணும், ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரு ஓட்டை, உள்ள மரச்சட்டம் இருக்குற எடமா பாத்து, கீழ தண்ணி புகாம அடைக்குற பியூட்டில் டேப் ஒட்டி, துருப் பிடிக்காத ஸ்க்ரூதான் போடணும். ஒரே ஒரு ஓட்டை வழியா தண்ணி எறங்குனாலும் பிளைவுட் உள்ளுக்குள்ளயே உளுத்துப்போகும், வெளிய தெரியுறப்ப ரொம்ப லேட்.

ஓட்டை போட மனசு வராதவங்களுக்கு நாங்க பண்ணுறதுதான் வழி. டெண்ட்டோட மேல் ஓரத்துல ஒரு நீளத் துணி மடிப்பு வரும், அதை ட்ரெய்லர் மேல போட்டு, அதுலேந்து ரெண்டு பெல்ட்டை மறுபக்கம் இறக்கி சக்கரத்துக்குப் பக்கத்துல கீழ இருக்குற ஃப்ரேம்ல கட்டிடுவோம். பெல்ட் மறுபக்கக் கதவுக்குக் குறுக்க வரக் கூடாது, ராத்திரி அவசரத்துக்கு அந்தக் கதவும் திறந்தாகணும். பக்கவாட்டுல டெண்ட்டுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல வளைவான ஒரு இடைவெளி நிக்கும், அங்க குழந்தைங்க நீச்சல் குளத்துல வச்சு விளையாடுற ஃபோம் குழாயை நீளவாக்குல சொருகிடுவோம், துணியோட அழுந்தி உக்காந்துக்கும், பூச்சியும் சாரலும் வராது. டயருக்குப் பக்கத்துல கீழ இருக்குற இடைவெளியையும் மறக்காதீங்க, மேல எவ்வளவு மூடுனாலும் கொசு ட்ரெய்லருக்கு அடியில புகுந்துதான் வரும், கீழ தொங்க விட ஒரு பாவாடை மாதிரி துணி தனியா வருது.

ஒட்டாம தனியா நிக்குற வலைக்கூடாரம் இன்னொரு வகை. இழுத்தா டப்புன்னு விரியுற ஆறு சுவர் கூடாரம், ஒருத்தரே ரெண்டு நிமிஷத்துல நிறுத்திடலாம், பிக்னிக் மேஜையையே உள்ள விட்டுடலாம். குடும்பமா உக்காந்து சாப்பிட இதை மிஞ்சுனது இல்ல. மடிச்சாலும் கிட்டத்தட்ட ஒரு ஆள் நீளத்துக்குப் பை வரும், காருக்குள்ள போகாது, ட்ரெய்லர் மெத்தை மேல படுக்க வச்சுத்தான் கொண்டு போகணும். ஒரே ராத்திரி தங்கி மறுநாள் கெளம்புற பயணத்துக்கு சைடு டெண்ட்டை எடுக்கவே மாட்டோம், டார்ப் மட்டும். மூணு நாலு நாள் ஒரே எடம்னாதான் அதுக்குப் பட்ட பாடு தகும். 10க்கு 10 கடைப்பந்தல் மாதிரி நாலு கால் கேனபி மலிவாத்தான் கிடைக்குது, ஏரிக்கரையில எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, காத்து கீழ புகுந்தா தூக்கிட்டுப் போயிடும், பக்கத்துல குழந்தைங்க விளையாடிக்கிட்டு இருப்பாங்க. காத்து ஏறுனா எந்தக் கூரையா இருந்தாலும் கழட்டிடுங்க, நனைஞ்சா காயும்.

முளை விஷயத்துல டெண்ட்டோட வர்ற மெல்லிசுக் கம்பியை வீட்டுலயே வச்சிடலாம். லடிங்டன் மணல்ல அது நிக்கவே நிக்காது, அகலமான நீளமான மணல் முளை வேணும், இல்லன்னா ஒரு பையில மணல் ரொப்பி கயிறு கட்டி ஒரு முழம் ஆழத்துல புதைச்சிடணும், அது அசையாது. கெட்டியான சரளைத் தரையில தடிமனான இரும்பு முளையும் சுத்தியலும். சிமெண்ட், தார் போட்ட சைட்டுன்னா 5 காலன் வாளியில தண்ணி ரொப்பி ஒவ்வொரு காலுக்கும் கட்டுங்க, ஒரு வாளி 40 பவுண்டுக்கு மேல வரும். நிறைய பார்க்ல மரத்துல கயிறு கட்ட விட மாட்டாங்க, அதனால ரெண்டு கம்பம் கூடுதலா எடுத்துட்டுப் போறது நல்லது. கயிறு பளிச்சுன்னு தெரியுற கலர்ல இருக்கட்டும், ராத்திரி அத்தை தடுக்கி விழுந்துடக் கூடாதுன்னு நாங்க ஒவ்வொண்ணுலயும் சின்ன சோலார் லைட் தொங்க விடுறோம்.

எந்தப் பக்கம் போடுறதுன்னு குழம்பாதீங்க, அமெரிக்காவுல கேம்ப் சைட்டுல ட்ரெய்லரை ரிவர்ஸ்ல விட்டா மேஜையும் நெருப்புக் குழியும் பெரும்பாலும் டிரைவருக்கு எதிர்ப்பக்கம்தான் வரும், பெரிய ட்ரெய்லர் பெரும்பாலானதுக்கும் வாசல் அந்தப் பக்கம்தான் இருக்கும். ஆனிங் ஒண்ணுதான் வாங்கப் போறீங்கன்னா அந்தப் பக்கம் போடுங்க. ஆனா நெருப்புக் குழிக்கும் துணிக்கும் நடுவுல நல்ல தூரம் விடணும், ஒரு பொறி போதும் பாலியஸ்டர் உருகிப் பெருசா ஓட்டை விழ.

இதை மட்டும் தயவுசெஞ்சு கேளுங்க. மூடுன டெண்ட்டுக்குள்ள அடுப்போ கேஸ் ஹீட்டரோ கரி அடுப்போ எதுவும் எரிக்கக் கூடாது, ஒரு தோசைக்குக்கூட. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும், அப்புறம் எழுந்திருக்க மாட்டோம். சைடு டெண்ட் ட்ரெய்லர் கதவோட சேந்தே இருக்குறதால அந்த வாயு நேரா படுக்கைக்கு வரும். ட்ரெய்லருக்குள்ள ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டிடுங்க. எங்க சமையல் டார்ப்புக்குக் கீழ மூணு பக்கமும் திறந்த எடத்துலதான். தாளிப்பும் அங்கதான், வெங்காயம் கருவேப்பிலை வாசனை துணியில ஏறுனா போகாது, அப்பர் பெனின்சுலாவுல கருங்கரடி இருக்கு, வாசனை வர்ற டெண்ட்ல பொண்ணையும் அத்தையையும் படுக்க வைக்க எனக்கு மனசு வராது. சாப்பாட்டுச் சாமான், பல் பேஸ்ட், குப்பைப் பை எல்லாம் ராத்திரி காருக்குள்ள போயிடும், சைடு டெண்ட்ல ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட வைக்க மாட்டோம்.

துணி வாங்குறப்ப தையல்ல டேப் ஒட்டியிருக்கான்னு திருப்பிப் பாருங்க, தண்ணி தாங்குற அளவு மில்லிமீட்டர்ல போட்டிருப்பாங்க, கூரைக்கு 2,000 கிட்ட இருந்தா நம்ம மழைக்குப் போதும். மொத்தமான காட்டன் கேன்வாஸ் உள்ள அவ்வளவா வேர்க்காது, அருமையா இருக்கும், ஆனா கனம், நனைஞ்சா இன்னும் கனம், காய ரெண்டு நாள். ஞாயித்துக்கிழமை மழையில மடிச்சு எடுத்துட்டு வந்தா எந்தத் துணியா இருந்தாலும் அன்னைக்கு ராத்திரியே பேஸ்மெண்ட்ல விரிச்சுப் போட்டுடணும், பையிலயே விட்டா பூஞ்சை பிடிச்சு கருப்புப் புள்ளி விழும், அந்த நாத்தம் அடுத்த சீசனும் போகாது.

ஆர்டர் பண்ணுறதுக்கு முன்னாடி ட்ரெய்லரை வீட்டு வாசல்ல நிறுத்தி, பின்மூடியையும் ரெண்டு கதவையும் முழுசா திறந்து வச்சிட்டு, வாங்க நினைக்குற அளவுக்கு நாலு குச்சியும் கயிறும் கட்டிப் பாருங்க. வீட்டுலயே உயரமான ஆளை உள்ள நடக்க விடுங்க, கதவு எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சிடும், மேஜை போட்டா எடம் மிஞ்சுதான்னும் தெரிஞ்சிடும். கயிறுலயே இடிச்சா துணியிலயும் இடிக்கும், அப்ப அதை விட்டுட்டு டார்ப்பும் ரெண்டு கம்பமும் வாங்கி ஒரு சீசன் ஓட்டுங்க. அவசரம் இல்லாதவங்க செப்டம்பர் கடைசி வரைக்கும் பொறுக்கலாம், இங்க சீசன் முடிஞ்சு கடைங்க ஸ்டாக்கைக் குறைக்குற நேரம் அது, பழசு விக்குறவங்களும் அப்பதான் போடுவாங்க, பழசு வாங்குனா பையைத் திறந்து முதல்ல மோந்து பாத்துட்டு, அப்புறம் கம்பியை எண்ணிட்டு வாங்குங்க.